ஐந்து பெயரில் ஒரு மத்தியஸ்தர்

1. வாத்தியார் கேட்ட கேள்வி

"என்னை எவன்யா சாவடிச்சது?"

சங்க ஆபீஸ் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். முதுகுக்குப் பின்னால் இந்தக் கேள்வி வந்தது. திரும்பிப் பார்த்தால் ஏகாம்பரம் வாத்தியார் நிற்கிறார். ரிட்டயர் ஆன பள்ளிக்கூட ஆசிரியர், நகரியில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய போட்டோ. ஐந்து பெயர் டைப் அடித்த ஒரு தாள், அதில் அவர் பெயர் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு.

"உக்காருங்க வாத்தியாரே. இது சும்மா ஒரு நடைமுறைதான்" என்றேன்.

"இன்னா நடைமுறை? ரேஷன் கார்டுல செத்தவங்க பேரைத்தான் அடிப்பாங்கோ. ஓட்டர் லிஸ்ட்டுலயும் அப்படித்தான். நான் காலையில இட்லி துன்னுட்டு என் கால்ல நடந்து வந்துக்கினு இருக்கறேன். என் பேர் மேல கோடு போட்டவன் எவன்? சொல்லு. அவன் வீட்டு விசேஷத்துக்கு இனிமே நான் போகணுமா வேணாமா?"

டீ வரவழைத்தேன், சமாதானம் சொன்னேன். டீயைக் குடித்தார். சமாதானம் ஆகவில்லை.

ஆந்திர எல்லையோரம் இருக்கும் நகரியில் பவர்லூம் தறிக்காரர்களுக்கும் சாயப்பட்டறைக்காரர்களுக்கும் சேர்த்து இருந்த ஒரு சங்கத்தில் நான் மேனேஜராக வேலை பார்த்தேன். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். உறுப்பினர்களுக்குள் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தர் ஒருவரை வைத்துத் தீர்த்துக்கொள்வது சங்கத்தின் விதி. எங்கள் பக்கத்தில் தெலுங்கோடு சேர்த்து 'மத்தியவர்த்தி' என்பார்கள். மத்தியஸ்தர் என்ன தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த மத்தியஸ்தரை எப்படிப் பிடிப்பது என்பதுதான் என் தலைவலி. இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர்கள், "ஏன் சார் இப்படிச் சுத்தி வளைச்சு ஒரு ரூல் வெச்சீங்க?" என்று போனில் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. ஆளுக்கு ஒருவர்

பழைய முறை எளிமையானது. தகராறில் ஒரு பக்கம் ஒருவரைச் சொல்லும், எதிர்ப்பக்கம் ஒருவரைச் சொல்லும். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைப் பிடிக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? நடந்தது என்னவென்றால், இவர் தன் மச்சானைச் சொல்வார், அவர் தன் சகலையைச் சொல்வார். மச்சானும் சகலையும் வந்து உட்கார்ந்து, மூன்றாவது ஆள் யார் என்பதிலேயே ஒரு புதுச் சண்டை போடுவார்கள். பழைய தகராறு ஒரு மூலையில் கிடக்கும்.

சரி, சொந்தக்காரர்களைப் போடக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவரலாம் என்று கமிட்டியில் சொன்னேன். "அப்போ லிஸ்ட்டுல யார் மேனேஜரே இருப்பாங்க?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தறிக்காரர்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் பெண் கொடுத்த வீடு அல்லது பெண் எடுத்த வீடு.

அப்புறம் சித்தூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். ஒரு வக்கீல் அழகாகச் சொல்லிக்கொடுத்தார். சங்கமே ஐந்து பேர் கொண்ட பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தரப்பும் வேண்டாத இரண்டு பெயரை அடித்துவிட்டு, மீதி மூன்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போட வேண்டும். இரண்டு பக்கத்திலும் அடிபடாமல் யார் முன்னால் நிற்கிறாரோ அவர்தான் மத்தியஸ்தர். ஆகா, இதுவல்லவா முறை என்று பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் தீர்மானம் எழுதிவிட்டேன்.

அந்த முறையில் நடந்த முதல் தகராறிலேயே வாத்தியார் செல்போனோடு வந்து நின்றார்.

நான் தோற்றுப்போகிற ஆள் இல்லை. சிவப்புப் பேனாவை ஒழித்தேன். தாள்களை ஒட்டிய கவரில் வாங்கி, மத்தியஸ்தர் முடிவானதும் இரண்டு தரப்புக்கும் எதிரிலேயே கிழித்துப்போடுவது என்று மாற்றினேன். யார் யாரை அடித்தார்கள் என்று வெளியே போகாது. இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

3. கோடு போடாத தாள்

கலாவதி புத்தூர்ப் பெண். நகரியில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் இறந்த பிறகு அவருடைய தறி ஷெட்டைத் தானே நடத்திக்கொண்டிருந்தார். புத்தூர் மொத்த வியாபாரி ஒருவர் பாவு கொடுப்பார், அதாவது தறியில் ஏற்றுவதற்கான நீள நூல். சாயம் போடுவது சரவணனின் பட்டறை. சாயம் போட்ட பாவுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்து நெய்து கொடுப்பது கலாவதி.

அந்த முறை நெய்து போன மெரூன் புடவைகள் பூராவும் திட்டுத் திட்டாக வெளுத்துப்போயின. சாயம் சரியில்லை என்றார் கலாவதி. என் சாயத்தில் குறை இல்லை, அந்தம்மா ஷெட்டில்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்றார் சரவணன். வியாபாரி இருவரிடமும், "சங்கத்துல தீத்துக்கினு வாங்க. அது வரைக்கும் பாவு கிடையாது" என்றுவிட்டார். தறிகள் நின்றன. அதில் ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள் வேறு ஷெட்டுகளின் வாசலில் போய் நின்றார்கள்.

ஆனால் கலாவதியை வாட்டியது வேறொன்று. "ஆம்பளை இல்லாத ஷெட்டு. ராசி எங்க நிக்கும்?" என்று டீக்கடையில் ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. கிளப்பியவர் சங்கத்தின் முன்னாள் தலைவர் தணிகாசலம், சரவணனின் மாமனாருக்குப் பங்காளி. பெரிய மனிதர். என் ஐந்து பேர் பட்டியலில் முதல் பெயரும் அவர்தான். சாயம் கெட்டால் வேறு பட்டறை பார்க்கலாம். ராசி இல்லை என்று பெயர் நிலைத்துவிட்டால் அந்த ஷெட்டுக்கு இனி ஒருவரும் பாவு தர மாட்டார்கள். அவ்வளவுதான், கதவை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

பட்டியலில் மற்றவர்கள் ஒரு நூல் வியாபாரி, தறித் தொழிலாளர் தலைவர் ஒருவர், நம்முடைய ஏகாம்பரம் வாத்தியார், திருப்பதியில் ஒரு கல்லூரி ஜவுளி லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன வசந்தா மேடம். மேடத்தை இங்கே யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. நானாகப் பேசிச் சேர்த்த பெயர்.

சரவணன் கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசி நாளில் கலாவதி வந்தார். கவர் ஒட்டாமல் இருந்தது. தாளை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். ஒரு கோடு இல்லை, ஒரு எண் இல்லை.

"இன்னாம்மா, ஒண்ணும் போடலையா?"

"பொழைச்சிக்கினு இருக்கறவங்க பேரை நான் எப்படி சார் அடிப்பேன்?"

"கிழிச்சுப் போட்டுடுவேன்மா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் இல்ல சார்?" என்றார். "நாளைக்கு இந்த அஞ்சு பேர்ல யாருக்காவது ஒரு தலைவலி வந்தாகூட, அவ அடிச்சா, அதான் வந்துச்சும்பாங்கோ. ஏற்கெனவே என்னைப் பார்த்தா பைக்கை ஓரம் கட்டிட்டு நின்னு போறவங்க இருக்கறாங்கோ. உங்களுக்குத் தெரியாததா? எடுன்னா எடுப்பேன் சார். தள்ளுன்னா என் கை வராது."

தாளைக் கவருக்குள் வைத்து வாங்கிக்கொண்டேன்.

முறைப்படி நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு தரப்பு எதுவும் குறிக்கவில்லை என்றால் எதிர்த்தரப்பின் வரிசைதான் செல்லும். சரவணன் கவரில் முதல் எண் யாருக்கு இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தணிகாசலம் நாற்காலியில் உட்கார்வார், ராசி இல்லை என்பதைத் தீர்ப்பாகவே எழுதிக் கொடுப்பார். என் விதியில் ஒரு எழுத்துப் பிசகு இருக்காது. இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரித் தாள், ஒரே மாதிரிக் கவர் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒருவரால் மட்டும் அதைப் பயன்படுத்த முடியாது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

4. புடவைக் கடையில் பார்த்தது

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. 'எடுன்னா எடுப்பேன்' என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

என் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைக்காரர் மலை மாதிரி குவித்துப் போட்டார். சம்பந்தியம்மா பார்த்துப் பார்த்து, தனக்குச் சம்மதமானவற்றை மட்டும் எடுத்து ஒரு பக்கமாக வைத்தார். "இதுல எது வேணும்னாலும் எடுத்துக்கம்மா" என்றார். என் மகள் அதில் ஒன்றை எடுத்தாள். சம்பந்தியம்மாவுக்கும் நிறைவு, அவளுக்கும் நிறைவு. அங்கே யாரும் எந்தப் புடவையையும் மோசம் என்று சொல்லவில்லை. மற்ற புடவைகள் கோபித்துக்கொண்டு போகவுமில்லை.

புடவை நெய்கிற ஊரில் இருந்துகொண்டு மத்தியஸ்தர் எடுப்பதற்குச் சித்தூர் வரை போயிருக்கிறேன் பாருங்கள்.

மறுநாள் இரண்டு பேரையும் ஆபீசுக்கு வரச் சொன்னேன். சரவணனின் கவரைப் பிரிக்காமல் அவர் கையிலேயே கொடுத்தேன். புது முறையைச் சொன்னேன். ஒருவர் ஐந்து பெயரில் மூன்றை எடுத்து வைக்க வேண்டும். மற்றவர் அந்த மூன்றில் ஒருவரை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். யார் முதலில் என்பதற்குச் சீட்டு.

சரவணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆட்டம் ஆரம்பிச்ச பிறகு ரூலை மாத்தறீங்களே, இது நியாயமா சார்?"

"நியாயம் இல்லைதான். நீ ஒத்துக்கலைன்னா பழையபடியே நடத்தறேன். பெரியவர் வந்து உட்காருவாரு, உன் பக்கமே தீர்ப்பு சொல்லுவாரு. ஊர்ல இன்னா பேசுவாங்கோ? மாமன் முறைக்காரர் காப்பாத்திட்டாருன்னுதானே? உன் சாயம் நல்ல சாயம்னு எவன் நம்புவான்?"

அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி சார்" என்றார். உடனே அடுத்த சந்தேகம். "ஆனா கடைசியில எடுக்கறவங்களுக்குத்தானே லாபம்?"

"இல்ல சார், மூணு பேரை எடுத்து வைக்கறவங்க கையிலதானே எல்லாம் இருக்குது?" என்றார் கலாவதி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் எதிராளிக்குத்தான் வசதி என்று தோன்றுகிறது. அப்போதுதான் இந்த முறை சரியாக வரும் என்று எனக்குத் தைரியம் வந்தது.

5. மூன்றாவது பெயர்

சீட்டில் சரவணனுக்கு முதல் வேலை விழுந்தது. கலாவதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். சரவணன் சட்டென்று தணிகாசலம் பெயரை எழுதினார், அடுத்து நூல் வியாபாரி பெயர். அதோடு பேனா நின்றுவிட்டது. ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரைப் போடலாம். ஆனா அவரு எந்த வழக்கு வந்தாலும் ஆளுக்குப் பாதி தப்பும்பாரு. பாதித் தப்புன்னாலும் சாயத்துக்குப் பேர் போச்சு. தறித் தலைவரு அந்தம்மா பக்கம். மிச்சம் இந்த மேடம்தான்."

"அவங்களுக்கு இன்னா?"

"சார், பழைய கவர்ல நான் முதல்ல அடிச்ச பேரே அவங்கதான்."

"ஏன்?"

"அந்தம்மாவும் பொம்பளை, இந்த மேடமும் பொம்பளை. அந்தம்மா இவங்களைத்தான் கேட்பாங்கன்னு நெனச்சேன். அதனால அடிச்சேன். மத்தபடி அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் வெட்கப்பட்டார். தள்ளச் சொன்னால் மனிதன் எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளுகிறான். எடுக்கச் சொன்னால்தான் தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிறான். சித்தூர் வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராதது இது. அந்த அரை டம்ளர் டீ நேரத்தில் சரவணன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"துணியைச் சோதிச்சுப் பார்ப்பாங்களா சார்?"

"அதுதான் அவங்க பண்ணிக்கினு இருந்த வேலையே."

"என் சாயம் நல்ல சாயம் சார்" என்றார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகவா தெரியவில்லை. மூன்றாவது பெயரை எழுதினார்.

கலாவதியைக் கூப்பிட்டேன். மூன்று பெயரையும் படித்தார். விரலை வசந்தா மேடம் பெயர் மேல் வைத்தார்.

"முன்னமே தெரியுமாம்மா இவங்களை?"

"தெரியாது சார். அவங்களுக்கும் என்னைத் தெரியாது. மத்தவங்க என்னை ஏற்கெனவே பார்த்து முடிச்சிட்டாங்கோ."

6. தண்ணீர்

மேடம் திருப்பதியிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். குள்ளமான உருவம், கையில் ஒரு கட்டைப்பை. சோடா கூட வேண்டாம் என்றார். இரண்டு பேர் சொல்வதையும் கேட்டார். பிறகு, அதே சாயத்தில் மீந்த நூல் இருக்கிறதா என்று சரவணனைக் கேட்டு வாங்கினார். அடுத்து கலாவதியின் ஷெட்டுக்குப் போனார். கஞ்சி காய்ச்சும் இடத்தைப் பார்த்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பழைய போர்வெல் வெயில் காலத்தில் வற்றிவிட்டதால் ஆழமாகப் புது போர் போட்டிருப்பதாகக் கலாவதி சொன்னார். மேடம் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்தார். முனிசிபல் குழாயில் இன்னொரு பாட்டில்.

எங்கள் ஆபீசிலேயே ஸ்டவ் வைத்து, இரண்டு தண்ணீரிலும் தனித்தனியாகக் கஞ்சி காய்ச்சினார். நூலை இரண்டு பங்காக்கி, ஒவ்வொன்றிலும் நனைத்து மாடியில் காயப்போட்டார். தணிகாசலம் தற்செயலாக வந்தவர் மாதிரி வந்து, "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் நூலைக் கீழே கொண்டுவந்து மேஜை மேல் பரப்பினார். முனிசிபல் தண்ணீரில் நனைந்தது பளிச்சென்ற மெரூன். புது போர்த் தண்ணீரில் நனைந்தது, புடவையில் பார்த்த அதே திட்டுகளோடு கிடந்தது.

"இதி ரங்கு தப்பு காதண்டி. நீள்ள தப்பு" என்றார். சாயத்தின் தப்பு இல்லை, தண்ணீரின் தப்பு. அடியாழத்துத் தண்ணீர், உப்பு ஏறியது. அதையே தமிழில் சுருக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கெட்டுப்போன சரக்குக்குப் பொறுப்பு கலாவதி ஷெட்டுடையது.

சரவணன் பெருமூச்சு விட்டார். அந்த அம்மாவுக்காகத்தான் விதியையே மாற்றினேன். அந்த விதி வழியாக வந்தவர் அவருக்கு எதிராக எழுதிவிட்டாரே. நிமிர்ந்து அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

கலாவதி இரண்டு நூலையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகம் நான் நினைத்த மாதிரி இல்லை.

"தண்ணிதான் சார்" என்றார். "ராசி இல்ல. தண்ணி. தண்ணிய மாத்திக்கலாம்."

தீர்ப்பின் ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாளே புத்தூருக்குப் போய், தனக்கு எதிரான அந்தத் தாளை வியாபாரியிடம் தானே காட்டினார். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, இனி குழாய்த் தண்ணீரில்தான் கஞ்சி என்று சொன்னார். வியாபாரி முதலில் இரண்டு தறிக்குப் பாவு கொடுத்துப் பார்த்தார். பிறகு எல்லாத் தறிக்கும் கொடுத்தார். தனக்கு எதிராக வந்த தீர்ப்பை வெற்றிக் கடிதம் மாதிரி எடுத்துக்கொண்டு போன ஒருவரை என் சர்வீஸில் வேறு எங்கும் பார்த்ததில்லை.

டீக்கடையில் ராசிப் பேச்சு நின்றது. தணிகாசலம் கொஞ்ச நாள் எந்தப் பேச்சும் பேசாமல் டீ மட்டும் குடித்தார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஒரு நடைமுறை எழுதும்போது, தாளில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஊரில், அந்தத் தகராறில், அதைக் கையில் எடுக்க முடியாத ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். விதியில் எங்கே ஓட்டை என்று அவர் சொல்லிவிடுவார். தோற்றவருக்கும், இந்த மத்தியஸ்தரை நானும்தானே எடுத்தேன் என்று தோன்ற வேண்டும். தோன்றினால்தான் அது நல்ல முறை.

ரிட்டயர் ஆவதற்கு முன்பு நான் செய்த கடைசி வேலை, பட்டியலைப் புதுப்பித்தது. கலாவதி பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"என் பேரைப் போட்டா யாராவது எடுப்பாங்களா சார்?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் போட்டேன். பிறகு ஒருநாள், சரவணனுக்கும் ஒரு நூல் மில்காரருக்கும் தகராறு என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. ஐந்தில் மூன்றை எடுத்து வைக்க வேண்டியவர் சரவணன்தானாம். இந்த முறை ஃபேனைப் பார்க்கவே இல்லையாம். முதல் பெயராகக் கலாவதி என்று எழுதினாராம்.